சப்ரியின் கொலைகளும் பொதுரசனைப் பாதுகாப்பு அலுவலகமும்

கெய்ரோவில், ஷுப்ரா பேட்டையில், எங்கள் தெருவில் ஒருவர் கூலிக்குக் கொலை செய்யப் போகிறார் என்ற செய்தியை முதலில் பரப்பியவள் அவருடைய மனைவி நஜாத்தான். காய்கறி வண்டிக்காரனிடம் ஆரம்பித்தாள். மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி ரொட்டி வாங்கும் பெண்கள் எல்லோரிடமும் சொல்லி முடிப்பதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரருக்குக் கொலைகாரன் வேலை கெடச்சிருக்கு. படம் பூரா அவர்தான்."

எதிர் மாடியில் ஒருத்தி குலவையிட்டாள். கொலைக்குக் குலவையா என்று கேட்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது.

நஜாத் துள்ளியதில் நியாயம் உண்டு. அவள் கணவர் பயூமி சினிமாவில் கதவு திறப்பவர். எந்தப் படத்தில் எந்தப் பணக்காரன் வீட்டு மணி அடித்தாலும், பயூமி போய்க் கதவைத் திறந்து, "பாஷா உள்ள இருக்காரு" என்பார். கேமரா அவருடைய தோளைத் தாண்டி வந்தவரிடம் போய்விடும். தலை நரைக்கும்வரை இதுதான் பிழைப்பு. ஒவ்வொரு படத்துக்கும் நஜாத் முதல் நாளே போய் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதே கேள்வியைக் கேட்பாள். "நான் கட்டிக்கிட்டது உன்னையா, உன் தோளையா? ஒரு தடவையாவது உன்னை முழுசா பாக்கவிட மாட்டானுங்களா?"

அதற்குத்தான் இப்போது வழி பிறந்திருந்தது. தொப்பி போட்ட ஓர் இளம் இயக்குநர் பயூமியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். "இந்த மூஞ்சியப் பாத்தா யாருக்கும் சந்தேகமே வராது. அவனவனே கதவைத் தெறந்து உள்ள கூப்பிட்டு டீ குடுப்பான். எனக்கு வேண்டிய கொலைகாரன் இவர்தான்" என்றான்.

படத்தின் பெயர் 'சப்ரிக்கு வேலை வந்தது'. சப்ரி என்கிற கூலிக்கொலைகாரனுக்கு முழங்கால் வலி. கொல்லப் போகிற இடத்தில் லிப்ட் வேலை செய்யாது. மூச்சிரைக்க மேலே போனால், சாக வேண்டியவன், "உன்னை அனுப்புனவன் என்ன குடுத்தான்? நான் அதுக்கு மேல குடுக்கறேன், அவனைப் போட்டுடு" என்பான். சப்ரி நேர்மையானவன். முதலில் வந்த வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பான். கட்டிய கட்டடம் எல்லாம் இடிந்து விழுகிற ஒரு ஒப்பந்தக்காரனை அவனுடைய சிமென்ட் கலவையிலேயே தலைகீழாக நட்டு, "இது ஒண்ணாவது நிக்கட்டும்" என்பான். கரும்புச்சாறு கடை முதலாளியை இயந்திரத்துக்குள் விட்டு அரைக்கும்போது, வெளியே டம்ளரோடு நிற்பவர்கள் ஏன் இவ்வளவு நேரம் என்று சத்தம் போடுவார்கள். கடைசியில் மொட்டை மாடிப் புறாக்கூண்டுக்குள் வைத்து, வேலை கொடுத்தவனே சப்ரியைச் சுட்டுவிடுவான். இறகு பறக்கும். படம் முடியும்.

எடுத்து முடித்த படத்தைப் பொதுரசனைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் வந்தது: கொலைகாரனாக நடித்தவர் நேரில் வர வேண்டும். அவர் உண்மையில் கொலைகாரர் இல்லை என்று குழு திருப்திப்பட்டால்தான் படத்தைப் பார்க்கவே உட்காரும்.

பயூமி தன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். குழுவில் மூன்று பேர். தலைவர் டாக்டர் ஸஃப்வத், எதில் டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. ஓய்வுபெற்ற போலீஸ் ஜெனரல் இஸ்மத், ஓய்வை ஏற்றுக்கொள்ளாதவர். மூன்றாவது மேடம் இன்ஷிராஹ். குடும்பங்களின் சார்பில் வந்தவர், மடியில் எப்போதும் ஒரு பின்னல் வேலை வைத்திருப்பார்.

ஜெனரல் விசாரணையைத் தொடங்கினார்.

"இதுக்கு முன்னாடி யாரையாவது கொன்னிருக்கியா?"

"இல்லீங்க பாஷா."

"கொல்லணும்னு தோணியிருக்கா?"

"எனக்கு ஒரு மச்சினன் இருக்காங்க. ஆனா கொன்னதில்லை."

"அப்ப அனுபவமே இல்லாம எப்படிக் கொலைகாரனா நடிச்ச? ஜனங்களை ஏமாத்துறதில்லையா அது?"

பயூமிக்கு எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியவில்லை. "கதவு தெறக்கிறதுல அனுபவம் உண்டுங்க" என்றார். ஜெனரல் அதைக் குறித்துக்கொண்டார். குழு திருப்திப்பட்டது.

படம் ஓடியது, விளக்கு எரிய எரிய. முன்பிருந்த தலைவர் ஒருவர், ஆண்களும் பெண்களும் இருட்டில் சேர்ந்து உட்காரக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், உத்தரவு சாகவில்லை. அதனால் அந்த அலுவலகத்தில் எந்தப் படமும் வெளிறித்தான் தெரியும். தெரியாத காட்சியில் என்ன நடக்கிறதோ என்ற சந்தேகத்தில் அதை வெட்டுவது மரபு. அப்படித்தான் நாட்டில் பல வருஷங்களாகப் படங்களில் ராத்திரியே வருவதில்லை.

சிமென்ட் காட்சி வந்தது. மேடம் இன்ஷிராஹ் ஊசியை நிறுத்தினார்.

"அசிங்கம். இதை எடுத்துடணும். இன்னொரு வாட்டி போடுங்க, எங்கேர்ந்து எது வரைக்கும்னு சரியா பாத்துச் சொல்றேன்."

மறுபடி போட்டார்கள்.

"காலு ஆடுறது வருதே, அது வரைக்கும் சேத்துப் போடுங்க. அவசரப்பட்டு வெட்டினா கலைஞர்களுக்கு அநியாயம் பண்ணின மாதிரி ஆயிடும்."

மறுபடியும் போட்டார்கள். டீ கொண்டுவந்தவரும் சுவரோரமாக நின்றுவிட்டார். கரும்பு இயந்திரத்தை அவர்கள் எத்தனை முறை பார்த்தார்கள் என்பதை பயூமி எண்ணவில்லை, வயிறு பசித்தது என்பது மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது.

ஜெனரலின் வருத்தம் வேறு. "கொலை நடந்து முடிஞ்சப்புறம் போலீஸ் வருது. இது பொய். எங்க ஆளுங்க அப்படிக் கிடையாது. ஒரு கொலை நடக்கப் போகுதுன்னா எங்களுக்கு முன்னாடியே தெரியும். யார் பண்ணப் போறான், யார் சொல்லிப் பண்ணப் போறான், எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் சும்மா இருப்போம். தெரியாமச் சும்மா இருந்தோம்னு காட்டுறது இலாகாவுக்கு அவமானம். போலீஸ் வர்ற இடம் பூரா எடுத்துடுங்க."

போலீஸ் போனால், போலீஸ் வரக் காரணமான கொலைகளும் போக வேண்டியதுதானே. போயின.

தலைவர் ஸஃப்வத் கடைசியாகத் தொண்டையைச் செருமினார். "உஸ்தாத் பயூமி, நாங்க கலைக்கு எதிரிங்க இல்ல. நான் ரத்தத்துக்குக்கூட எதிரி இல்ல. அந்தச் செவப்புதான் பிடிக்கல. இந்த நாட்டுல சாவு இல்லையா? இருக்கு. ஆனா அதைப் பாத்து ஜனங்க சிரிக்கிறாங்க பாருங்க, அதுதான் ஆபத்து. இன்னைக்குச் சாவைப் பாத்துச் சிரிக்கிறவன் நாளைக்கு என்னைப் பாத்துச் சிரிக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?"

நியாயமான பயம்தான். சிரிப்பு வரும் இடங்களும் வெட்டப்பட்டன.

பெருநாளன்று படம் வெளியானது. நஜாத் புது உடுப்பும் வளையலுமாக முன்னால் நடக்க, தெருவே பின்னால் திரையரங்குக்குப் போனது. மூலைக் காப்பிக்கடை அஷ்மாவி, வரலாற்றிலேயே முதல் முறையாக, பெருநாளில் கடையைச் சாத்தினார்.

திரையில் பயூமி கண்விழித்தார். டீ குடித்தார். தொலைபேசி அடித்தது, "சரி" என்றார். கோட்டைப் போட்டார். படி ஏறினார், முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கோட்டைக் கழற்றினார். டீ குடித்தார். தொலைபேசி அடித்தது. கோட்டைப் போட்டார். கடைசியில் ஒரு குரல், "குற்றவாளிகள் தண்டிக்கப்படுவார்கள்" என்றது. விளக்குப் போட்டுவிட்டார்கள். சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரித்தவர்கள் கொறித்து முடித்திருக்கவில்லை.

நஜாத் எழுந்திருக்கவில்லை. "இப்பத்தான ஆரம்பிச்சுது?" என்றாள் மெதுவாக.

காப்பிக்கடையில் அஷ்மாவி பயூமியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார். "பயூமி, தப்பா நெனக்காத. படம் நல்லாத்தான் இருந்துச்சு. கோட்டும் நல்ல கோட்டு. ஆனா அந்த ஆளுக்கு என்னதான் வேலை?"

"கொலைகாரன், அண்ணே."

"யாரைக் கொன்னான்?"

"அதெல்லாம் இருந்துச்சு. எடுத்துட்டாங்க."

பின்னாலிருந்து ஒருவர், "எங்க அம்மா அவன் துணி விக்கிறவன்னு நெனச்சுக்கிட்டா" என்றார். இன்னொருவர் முழங்காலுக்கு ஒரு தைலம் சொன்னார். சிரித்தது யாரென்று பயூமி திரும்பிப் பார்க்கவில்லை. நஜாத் மாடியிலிருந்து கூடையை இறக்குவதை நிறுத்திவிட்டாள், தானே கீழே வந்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ரொட்டி வாங்கிப் போனாள். அதுதான் பயூமிக்குப் பொறுக்கவில்லை. வெட்டியதில் ஒரு காட்சியையாவது கெஞ்சி வாங்கிவந்து அவள் கண்ணில் காட்டிவிடுவது என்று மறுபடியும் அந்த அலுவலகத்துக்குப் போனார்.

வாசல் காவல்காரர் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். மாடிப்படியில் எழுத்தர் ஒருவர் வழியை மறித்துக் கையைக் குலுக்கி, "இது ஒண்ணாவது நிக்கட்டும்" என்று சொல்லிக் கண்ணடித்தார். மேடம் இன்ஷிராஹ் நடைவழியில் அவரைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"உஸ்தாத், அந்தக் கரும்பு மெஷின்ல நீங்க மூஞ்சிய ஒண்ணுமே தெரியாத மாதிரி வெச்சுக்கறீங்களே, அய்யோ. என் தங்கச்சி வாராவாரம் வந்து பாத்துட்டுப் போறா."

"வெட்டினது அவங்க கண்ணுல எப்படிப் பட்டுது, மேடம்?"

"அவ புகார் குடுத்திருக்கா இல்ல."

தலைவர்தான் விளக்கினார். பார்க்காத படத்தின் மேல் வழக்குப் போடுகிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். பத்திரிகைகள் அதைக் கேலி செய்ததால் ஸஃப்வத் ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்திருந்தார். புகார் கொடுத்தவருக்கு, அவர் மனதைப் புண்படுத்திய காட்சியை அலுவலகமே போட்டுக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் புகார் செல்லாது. சப்ரியைப் பொறுத்தவரை புண்படுத்தும் காட்சி எது என்று தனியாகப் பிரிக்க முடியவில்லை. ஆகவே வெட்டிய எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டி, வியாழக்கிழமைகளில் காட்டிவந்தார்கள். ஒட்டிப் பார்த்தால் அது முழுப் படமாகவே இருந்தது.

"ஜனங்க ரசனை எவ்வளவு கெட்டுப்போச்சு பாருங்க" என்றார் ஸஃப்வத். "ஒவ்வொரு வாரமும் நிக்க இடமில்லை."

பயூமி வீட்டுக்கு வந்தார். தெருவின் முதல் கதவைத் தட்டினார்.

"ஒரு உதவி பண்ணணும். என் மேல ஒரு புகார் குடுங்க."

எங்கள் தெருவில் கடன் கேட்டால் யோசிப்பார்கள். புகார் கேட்டு யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. அஷ்மாவி மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தார்.

"என்னன்னு எழுதறது?"

"உங்க மனசுல என்ன இருக்கோ அதை எழுதுங்க அண்ணே."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஏணியை வாங்கிப் போய்த் திருப்பித் தராதது, மேல்மாடியில் காயப்போட்ட துணியிலிருந்து கீழ்மாடி மெத்தையில் தண்ணீர் சொட்டியது, ஒரு கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் பேசாமல் வந்தது எல்லாம் பொதுரசனைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போயின. மேடம் இன்ஷிராஹ் ஒன்றையும் தள்ளவில்லை. "மனசு புண்பட்டுச்சுன்னு இருக்கா? அது போதும்."

நஜாத் ஒருத்திதான் மறுத்தாள்.

"உன் மேல நான் புகார் குடுக்க ஆரம்பிச்சேன்னா அந்த ஒரு ஆபீஸ் பத்தாது, மனுசா."

"நீ பாக்கணும்னுதான இவ்வளவும்."

"பாக்காம எதை எழுதச் சொல்ற? நான் பொய்யெல்லாம் எழுத மாட்டேன்."

கடைசியில், "என்னன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த அலுவலகத்துக்கு அதுவரை வந்த புகார்களில் அப்படி ஒன்று இருந்ததில்லை.

வியாழக்கிழமை எங்கள் தெரு அங்கே இறங்கியது. தமிய்யா வடையை ரொட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் முன்வரிசை பிடித்தார்கள். கூட்டத்தைப் பார்த்த ஸஃப்வத், எது எது புண்படுத்துகிறது என்று எல்லோருக்கும் சரியாகத் தெரிவதற்காக, முன்பிருந்தவரின் உத்தரவை அன்று ஒருநாள் தள்ளிவைத்து விளக்கை அணைக்கச் சொன்னார். முதல்முறையாக அந்த அறையில் படம் பளிச்சென்று தெரிந்தது. குழுவே தன் வாழ்க்கையில் அன்றுதான் ஒரு படத்தைப் பார்த்தது.

ஒப்பந்தக்காரனின் கால்கள் சிமென்டுக்கு மேலே ஆடியபோது புண்பட்ட மக்கள் கைதட்டினார்கள். கரும்புச்சாறு காட்சியில் அஷ்மாவி சிரித்துப் புரையேறி, ஜெனரல் இஸ்மத் அவர் முதுகில் தட்டிவிட வேண்டியதாயிற்று. "அடுத்தாப்ல பாருங்க, அடுத்தாப்லதான் இருக்கு" என்று மேடம் இன்ஷிராஹ் பக்கத்திலிருந்தவளின் தொடையைக் கிள்ளினார். பயூமி திரையைப் பார்க்கவில்லை. நஜாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணை மூடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்காத ஒருவனை இப்போதுதான் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

புறாக்கூண்டில் சுட்டார்கள். சப்ரி சரிந்தான். இறகுகள் இறங்கின. நஜாத் வாய்விட்டு அழுதுவிட்டாள்.

விளக்கு வந்தது. ஸஃப்வத் ஒவ்வொருவராகக் கேட்டார். "புகாரை உறுதி பண்றீங்களா?" எல்லோரும் ஒரே குரலில் உறுதி செய்தார்கள், அடுத்த வியாழக்கிழமையும் வரலாமே. நஜாத்தின் முறை வந்தது.

"அம்மா, நீங்க பாத்துட்டுச் சொல்றதா எழுதியிருக்கீங்க. எது உங்க மனசைப் புண்படுத்துச்சு?"

"என் புருசனைக் கொன்னுட்டாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அலுவலகம் திறந்த நாளிலிருந்து வந்த முதல் உண்மையான புகார் அது. என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"அது படம்மா" என்றார் ஜெனரல்.

"படம்னு தெரிஞ்சா நீங்க ஏன் இத்தனை நாளா வெட்டுனீங்க?"

மேடம் இன்ஷிராஹ் குடும்பங்களின் சார்பில் நஜாத்தின் பக்கம் சாய்ந்தார். "சப்ரி சாகறது எனக்கும் பிடிக்கல, டாக்டர். வேற யாரை வேணா கொல்லட்டும்."

"அப்படி விட முடியாது மேடம். குற்றம் பண்ணினவனுக்குத் தண்டனை இல்லாம படம் முடியக் கூடாது. சட்டம்."

"தண்டனையும் குடுக்கணும், சாகவும் கூடாது. ஜெயில்ல போடுங்க."

"ஜெயிலைக் காட்டக் கூடாதுன்னு தனி உத்தரவு இருக்கு" என்றார் ஜெனரல், வருத்தத்தோடு.

ஸஃப்வத் நெற்றியைத் தடவிக்கொண்டார். சில நிமிஷங்களில் அவர் முகம் மலர்ந்தது. "ஒரு ஆளு. வெளியில போக முடியாது, யாரையும் பாக்க முடியாது, காலைல வந்து சாயந்தரம் வரைக்கும் உக்காந்தே இருக்கணும், சாகற வரைக்கும் இதேதான். தண்டனைதான இது? ஆனா உசுருக்குச் சேதமில்ல. மரியாதையும் உண்டு."

"எங்க?" என்றார் ஜெனரல்.

"இங்கதான். சப்ரிய நம்ம ஆபீஸ்ல சேத்துக்குவோம். அவனுக்கும் தொழில் மாறின மாதிரி இருக்காது."

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. குழு ஏகமனதாக ஏற்றது.

தொப்பிக்கார இயக்குநரை அழைத்துப் புதிய முடிவை அந்த அலுவலகத்திலேயே எடுக்கச் சொன்னார்கள். படப்பிடிப்பன்று ஜெனரல் பழைய சீருடையில் வந்தார், மேடம் இன்ஷிராஹ் புதுப் பின்னலைப் போர்த்திக்கொண்டு வந்தார். ஸஃப்வத் தனக்கு வசனம் வேண்டாம் என்றார், பிறகு தானே ஒன்று எழுதிக்கொண்டு வந்தார். சப்ரி படியேறி வருகிறான், முழங்காலைப் பிடித்துக்கொள்கிறான், உள்ளே போகிறான். மூன்று பேரும் எழுந்து அவனுக்கு இடம் விடுகிறார்கள். "வாங்க, உங்களை மாதிரி ஆளுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தோம்" என்கிறார் ஸஃப்வத். சப்ரி உட்காருகிறான். யாருடைய படமோ ஒன்றின் சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறான். மேஜை மேலிருந்த கத்தரிக்கோலை எடுக்கிறான். எந்தக் காட்சியிலும் இல்லாத ஒரு புன்னகை அவன் முகத்தில் வருகிறது.

இந்தக் காட்சியில் குழு ஒரு வெட்டும் போடவில்லை. ஒரே ஒருமுறைதான் போட்டுப் பார்த்தார்கள். நெகிழ்ந்து போனார்கள்.

படம் மறுபடியும் திரையரங்குக்கு வந்தது. முன்பு பார்த்த அதே டீ, அதே கோட்டு, அதே படி. ஆனால் கடைசிக் காட்சி வந்ததும் எங்கள் தெரு கொறிப்பதை நிறுத்திவிட்டது. பெரிய திரையில் பயூமியின் முகம் மட்டும், மூலைக்கு மூலை முழுசாக. சுருள் ஒரு கையில், கத்தரிக்கோல் ஒரு கையில். அஷ்மாவி என் தோளைப் பிடித்த இடம் மறுநாளும் வலித்தது.

சிமென்டுக்கும் கரும்பு இயந்திரத்துக்கும் கண் மூடாத நஜாத், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"முடிஞ்சுதா?" என்றாள் விரலுக்குள்ளிருந்து.

"இன்னும் இல்ல" என்றார் பயூமி. "இப்பத்தான் வேலைக்குச் சேந்திருக்கேன்."